7,000 பவுண்டு, ஒரே ஒரு கராஜ்: எம்ஜிபி ஜிடியா, ஸ்பிட்ஃபயரா, போர்ஷே 924-ஆ?

கார்த்தி_ஹாரோ | 3 மார்ச், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக இங்கே எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஆள் நான். இதுதான் முதல் பதிவு.

ஒரு பழைய ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் நானே பிரித்து மாட்ட வேண்டும் என்று ஆசை. கையில் இருப்பது 7,000 பவுண்டு. வண்டியும் முதல் ஒரு வருடச் செலவும் அதற்குள் அடங்க வேண்டும். இருப்பது 1930-களில் கட்டிய லண்டன் ஹாரோ வீட்டின் கராஜ். அந்தக் காலத்துக் காருக்காகக் கட்டியது, இப்போதைய என் காரை உள்ளே விட்டால் கதவைத் திறந்து இறங்க முடியாது.

எனக்குத் தெரிந்த வேலை: ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது, ஒருமுறை ஆல்டர்னேட்டர் மாற்றினேன். வெல்டிங் தெரியாது. ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கும் சேர்த்து ஆசை காட்டிவிட்டேன்.

மனதில் உள்ள பட்டியல்: எம்ஜிபி ஜிடி, ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500, போர்ஷே 924. உண்மையில் ஆசை ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் மேல்தான். எதை எடுக்கலாம்?

ரெண்டு_சீட்டு | 3 மார்ச், இரவு 10.52

மாஸ்டா எம்எக்ஸ்-5. அடுத்த கேள்வி?

கார்த்தி_ஹாரோ | 3 மார்ச், இரவு 11.05

அது ஜப்பான் வண்டி அண்ணா :)

ரெண்டு_சீட்டு | 3 மார்ச், இரவு 11.09

ஆங்கிலேயன் லோட்டஸ் எலான் என்று ஒன்றைச் செய்தான். ஜப்பான்காரன் அதைப் பார்த்து, எண்ணெய் ஒழுகாமல் இன்னொன்றை 1989-இல் செய்தான். அவ்வளவுதான் வித்தியாசம். போய் வாங்கு.

ஸ்பேனர்_செல்வி | 4 மார்ச், காலை 7.20

ஹாரோ என்றால் யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் வண்டிக்குக் கட்டணம் வாங்கும் லண்டன் பகுதி, அதற்கு உள்ளேதானே? 2023 ஆகஸ்ட் 29-லிருந்து லண்டனின் எல்லா பரோவும் (வட்டாரமும்) உள்ளே வந்துவிட்டது. 90-களின் எம்எக்ஸ்-5 எடுத்தால் அநேகமாக வெளியே எடுக்கிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. 40 வருடம் தாண்டி வரலாற்று வாகனமாகப் பதிவு மாற்றிய வண்டிக்கு அந்தக் கட்டணமும் இல்லை, சாலை வரியும் இல்லை. ஆகவே கார்த்தி, முதலில் வயதைப் பாருங்கள், பிறகு அழகைப் பார்க்கலாம். நாற்பது தாண்டாத எதையும் பட்டியலில் வைக்காதீர்கள். பிஎம்டபிள்யூ இசட்3 என்று யாராவது வந்து சொல்வார்கள், அதற்கும் இதே பதில்தான்.

மற்றதை மாலையில் எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

யாழ்_கேம்பிரிட்ஜ் | 4 மார்ச், மதியம் 1.15

தம்பி, யோசிக்கவே வேண்டாம். எம்ஜிபி.

காரணம் சொல்லுறன். எங்கட அப்பா யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ55 வைத்து ஹயர் (வாடகைக்கு) ஓடினவர். அதில் இருந்தது ஆஸ்டின், எம்ஜி எல்லாம் அடங்கின பிஎம்சி கம்பனியின் பி சீரிஸ் எஞ்சின், 1489 சிசி. உங்கட ஊர் அம்பாசிடரில் பல வருடம் ஓடினதும் அதே 1489 தான். அந்த எஞ்சினைப் பெருப்பித்து 1798 சிசி ஆக்கி, இரண்டு எஸ்யூ கார்புரேட்டர் போட்டால் அதுதான் எம்ஜிபி. ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர், உள்ளே இருக்கிறது அம்பாசிடரின்ட அண்ணன்.

90-களில் பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் கண்ணில் காணக் கிடையாது. கார்புரேட்டருக்குள் ஒரு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவோம். பின்னால் வெள்ளைப் புகை, தெரு முழுக்கக் குசினி மணம். அப்படிப் போட்டு வதைத்தும் அந்த எஞ்சின் நின்றதில்லை. வால்வு கிளியரன்ஸ் வைக்க நான் படித்தது பன்னிரண்டு வயதில், அப்பா ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகட்டை)ப் பிடிக்கச் சொல்லிக் கையில் தந்து.

எம்ஜிபி 1962-இலிருந்து 1980 வரை அபிங்டன் ஆலையில் கட்டினவை, ஐந்து லட்சத்துக்கு மேல். அதனால் இன்றைக்கும் கதவுக் கைப்பிடியின் ஸ்பிரிங் வரை புதிதாக வாங்கலாம். வெறும் பாடி முழுசாகப் புதிதாக அடித்துத் தருகிற ஒரு கம்பனியே 1988-இலிருந்து இருக்கு. வேறு எந்தப் பழைய காருக்கு இந்த வசதி இருக்கு?

ஜிடி எடுங்கோ. கூரை இருக்கு, பின்னால் மகள் இருக்கலாம். 1974 கடைசிக்குப் பிறகு வந்தவைக்குக் கறுப்பு ரப்பர் பம்பர், அமெரிக்கச் சட்டத்துக்காக வண்டியையும் உயர்த்திவிட்டார்கள். வடிவு குறைவு, ஆனால் விலையும் குறைவு.

ஸ்பேனர்_செல்வி | 4 மார்ச், இரவு 9.30

கேம்பிரிட்ஜ் அண்ணை சொன்னதில் எஞ்சின் பற்றியது எல்லாம் சரி. ஆனால் எம்ஜிபி-யில் கிளட்ச் மாற்ற எஞ்சினை வெளியே தூக்க வேண்டும் என்பதை நைசாக விட்டுவிட்டார். கார்த்தியின் கராஜில் எஞ்சின் கிரேன் எங்கே நிற்கும்?

நான் கொவென்ட்ரியில் இருக்கிறேன். என்னிடம் ஸ்பிட்ஃபயர் மார்க் 4, ஆறு வருடமாக. நான் வேலைக்குப் போகும் வழியில்தான் கான்லி, இந்த வண்டி பிறந்த இடம். இதில் கியர்பாக்ஸ் காருக்குள்ளிருந்து வரும். சீட்டைக் கழற்றி, நடுவில் இருக்கிற அட்டைக் கூட்டை எடுத்தால் கியர்பாக்ஸ் பூனைக்குட்டி மாதிரி அங்கே படுத்திருக்கும். நானும் தங்கையும் சேர்ந்து பக்கத்துச் சீட்டு வழியாகத் தூக்கி வெளியே வைத்தோம். வண்டிக்கு அடியில் படுக்கவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுக்காக இரண்டு முறை படுத்தேன்.

போனட்டும் அப்படித்தான். முன் இறக்கையோடு (மட்கார்டோடு) சேர்த்து மூக்கு முழுவதும் முன்னால் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு டீ குடித்தபடியே பிளக் மாற்றலாம். முதல் முறை வேலை பழகுகிறவருக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது.

குறையும் சொல்கிறேன். 1500 எஞ்சினை மோட்டார்வேயில் நாள் முழுக்க விரட்டினால் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு க்ராங்கைப் பிடிக்கிற இடம்) போகும். க்ராங்க் முன்பின் நகராமல் பிடிக்கிற த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து சம்பில் (அடி எண்ணெய்த் தொட்டியில்) விழுந்துவிட்டால் எஞ்சின் ப்ளாக்கே குப்பை. பார்க்கப் போகும்போது ஒருவரை கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு முன்பக்கக் க்ராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு முன்னும் பின்னும் நகர்ந்தால் பேரத்தை நிறுத்திவிடலாம்.

முன் சக்கரம் திரும்பும் கீழ் மூட்டான ட்ரனியனுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, இபி90 கியர் எண்ணெய்தான். கிரீஸ் அடித்துவிட்டு "சர்வீஸ் செய்துவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்கிப் படுக்கும்.

பெருங்களத்தூர்_பெரியவர் | 5 மார்ச், காலை 6.05

செல்வி அம்மா ட்ரனியன் என்றதும் எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. எனக்கு 74 வயது. ஸ்பிட்ஃபயரை நான் தொட்டதில்லை, ஆனால் அதன் தாய் எங்கள் ஊரில் செய்த வண்டி.

1961-இலிருந்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி சென்னையில், இந்தப் பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம்தான், ட்ரையம்ஃப் ஹெரால்டை "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" என்ற பெயரில் செய்தது. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த வடிவம். அதே மிக்கெலோட்டிதான் ஹெரால்டின் சேஸைக் குறுக்கி அதன்மேல் ஸ்பிட்ஃபயரை வரைந்தார். ஹெரால்டுக்கும் மூக்கு முழுசாகக் கவிழும். பின்னால் குறுக்காகப் போகும் ஒரே லீஃப் பட்டை, அதன் இரு முனையிலும் சக்கரம். வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்ளே மடங்கும். அதனாலேயே பின்னால் அதே கம்பெனி செய்த ஸ்டாண்டர்டு கெஜல் வண்டியில் அந்த அமைப்பை எடுத்துவிட்டு நேர் ஆக்ஸில் போட்டார்கள். எங்கள் ஊர் மெக்கானிக் யாருக்கும் அந்தப் பட்டை பிடிக்கவே பிடிக்காது.

ட்ரனியனில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்தின பாவிகளில் என் சித்தப்பாவும் ஒருவர். கிண்டி பக்கத்தில் சக்கரம் சாய்ந்து நின்றது வண்டி. மெதுவாகப் போனதால் பிழைத்தார். தம்பி, எண்ணெய்தான், நினைவில் வையுங்கள்.

எசன்_924 | 5 மார்ச், இரவு 8.50

பிரிட்டிஷ் வண்டிப் பாட்டிகளுக்கு நடுவில் ஜெர்மனியிலிருந்து ஒரு குரல்.

924 வாங்குங்கள். போர்ஷே என்று பெயர், கட்டியது நெக்கார்சுல்மில், ஆடி ஆலையில். முதலில் ஃபோல்க்ஸ்வாகனுக்காக வரைந்த கார், அவர்கள் கைவிட்டதும் போர்ஷே எடுத்துக்கொண்டது. 1984 சிசி, 125 குதிரைத்திறன். அதே எஞ்சினின் உறவு ஃபோல்க்ஸ்வாகன் எல்டி வேனிலும் உண்டு என்று சொல்லி எல்லோரும் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், எடை முன்னும் பின்னும் ஏறத்தாழ சமம். வளைவில் திருப்பிப் பார்த்தால் கிண்டல் நின்றுவிடும்.

முக்கியமானது தகடு. 80-களில் வந்தவற்றுக்கு அடிப்பாகம் மட்டுமில்லை, பாடி முழுவதும் துத்தநாகப் பூச்சு. எம்ஜிபி கரைகிற மழையில் இது நிற்கும். வெல்டிங் தெரியாதவருக்கு வேறென்ன வேண்டும்?

இங்கே 30 வருடம் தாண்டினால் பழைய வண்டிகளுக்கான எச் நம்பர் தகடு, வரி ஆண்டுக்கு 191.73 யூரோ, எந்த எஞ்சினாக இருந்தாலும் ஒரே தொகை. என்னுடையது 1983.

ஸ்பேனர்_செல்வி | 5 மார்ச், இரவு 9.15

924-க்குக் கிளட்ச் மாற்றியிருக்கிறீர்களா?

எசன்_924 | 5 மார்ச், இரவு 9.40

...மாற்றியிருக்கிறேன்.

சரி, சொல்கிறேன். முதலில் சைலன்சர் முழுவதும் இறங்க வேண்டும். பிறகு பின்னால் உள்ள கியர்பாக்ஸைக் கழற்றி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைத்து நடுவில் ஓடும் டார்க் குழாயைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் கிளட்ச் கண்ணில் படும். நான்கு தாங்கிக் கால்களில் வண்டியை நிறுத்தி, மூன்று வார இறுதி. இரண்டாவது வாரம் துருப்பிடித்த ஒரு போல்ட் தலை உடைந்தது. மனைவி அந்த மாதம் என்னோடு பேசியது குறைவு.

ஆனால் அது பத்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற வேலை.

கார்த்தி_ஹாரோ | 6 மார்ச், இரவு 10.10

எல்லோருக்கும் நன்றி. நேற்று டேப்பை வைத்து கராஜை அளந்தேன். நீளம் 4.6 மீட்டர், ஃப்ரீசரையும் சைக்கிள்களையும் கழித்தால் 4.3. 924 ஏறத்தாழ 4.2 மீட்டர் என்கிறார்கள். நுழையும், ஆனால் அதற்குப் பிறகு நான் நுழைய முடியாது.

ஆல்ஃபாவைப் பற்றி யாரும் ஒன்றுமே சொல்லவில்லையே?

ரெண்டு_சீட்டு | 6 மார்ச், இரவு 10.14

செத்தவரைப் பற்றிக் கெட்டது பேசக் கூடாது என்பார்கள்.

யாழ்_கேம்பிரிட்ஜ் | 6 மார்ச், இரவு 10.31

1966-இல் வந்த ஸ்பைடர் வடிவு, பினின்ஃபரினா கைவேலை, மறுக்கேல்லை. அலுமினிய ட்வின் கேம் எஞ்சின் சத்தம் நாதஸ்வரம் மாதிரி. ஆனால் இரண்டாவது கியரின் சிங்க்ரோ (கியர் சத்தமில்லாமல் விழ உதவுகிற வளையம்) போயிருக்கும், தரைத் தகடும் போயிருக்கும். உங்கட காசுக்கு வருகிறது படத்தில் மட்டும்தான் ஆல்ஃபா, கிட்டப் போனால் துரு. விடுங்கோ.

வட்டிக்_கணக்கு | 7 மார்ச், காலை 11.00

7,000 பவுண்டை இப்படித் துருப்பிடித்த இரும்பில் போடுவதற்கு வீட்டுக் கடனைக் கட்டினால் எவ்வளவு வட்டி மிச்சம் தெரியுமா?

ஸ்பேனர்_செல்வி | 7 மார்ச், காலை 11.20

தெரியும். அதனால்தான் இது ஆசை, முதலீடு இல்லை. அடுத்தவர் பேசட்டும்.

கார்த்தி_ஹாரோ | 10 மார்ச், மாலை 6.45

ஒரு ஸ்பிட்ஃபயர் 1500 பார்த்துவிட்டு வந்தேன்! 1977, மஞ்சள் நிறம், நார்தாம்ப்டன் பக்கம். பெயிண்ட் கண்ணாடி மாதிரி. விலை 5,900. செல்வி அக்கா சொன்னபடி கிளட்சை மிதிக்கச் சொல்லிப் புல்லியைப் பார்த்தேன், அசையவே இல்லை. போனட்டைக் கவிழ்த்ததும் மகள் "முதலை வாய் திறக்குது" என்று கத்தினாள். விற்பவர் நல்ல மனிதர், டீ கொடுத்தார். 500 பவுண்டு முன்பணம் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். படங்கள் கீழே போட்டிருக்கிறேன். எல்லோரும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

ஸ்பேனர்_செல்வி | 10 மார்ச், மாலை 7.02

பணம் கொடுக்காதீர்கள். மூன்றாவது படம், ஓட்டுநர் பக்கக் கதவு. பெரிதாக்கிப் பாருங்கள். கதவின் பின் விளிம்பில் மேலே சுண்டுவிரல் நகம்கூட நுழையாத இடைவெளி. கீழே கட்டைவிரல் போகும். வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது.

ஹெரால்டில் கதவுக்குக் கீழேயும் சேஸ் பட்டை ஓடும், பெரியவருக்குத் தெரிந்திருக்கும். ஸ்பிட்ஃபயரில் அதை எடுத்துவிட்டார்கள். நடுவில் முதுகெலும்பு மட்டும் இருக்கிறது. பக்கவாட்டில் சுமை தாங்குவது கதவுக்குக் கீழே இருக்கிற சில் பெட்டிதான். கூரையும் இல்லை. சில் போனால் வண்டி வாழைப்பழம். இங்கே யாரோ பழைய சில்லை, கதவு இடைவெளியைக் கம்பி வைத்து இறுக்காமல் அறுத்து, தொய்ந்த நிலையிலேயே புதிதை ஒட்டியிருக்கிறார். அல்லது ஒட்டவே இல்லை, பட்டி பூசி மஞ்சள் அடித்திருக்கிறார்.

பட்டி மேல் காந்தம் ஒட்டாது. காந்தம் கொண்டு போனீர்களா?

கார்த்தி_ஹாரோ | 10 மார்ச், மாலை 7.20

இல்லை...

ஸ்பேனர்_செல்வி | 10 மார்ச், மாலை 7.31

பரவாயில்லை. எம்ஓடி (ஆண்டுதோறும் செய்யும் வாகனச் சோதனை) வரலாற்றையாவது பாருங்கள். நம்பர் போட்டால் 2005 வரை பின்னால் இலவசமாக வரும்.

கார்த்தி_ஹாரோ | 10 மார்ச், மாலை 7.48

பார்த்தேன். கடைசி எம்ஓடி 2017. அதில் "இடப்பக்க சில், வலப்பக்க சில், துரு" என்று எச்சரிக்கை எழுதியிருக்கிறது. அதற்கு முந்தைய வருடமும் அதே வரி. அதன் பிறகு சோதனையே இல்லை.

யாழ்_கேம்பிரிட்ஜ் | 10 மார்ச், இரவு 8.05

அதுதான் பொறி. 2018 மே மாதத்திலிருந்து 40 வருடம் தாண்டின வண்டிக்கு எம்ஓடி கட்டாயமில்லை என்று சட்டம் வந்தது. துருவை வைத்திருந்த கனக்க பேர் அன்றிலிருந்து சோதனைப் பக்கமே போகேல்லை. தம்பி, சட்டம் விட்டாலும் நீங்கள் விடக் கூடாது. நான் என்ர எம்ஜிபி-யை வருடா வருடம் கொண்டுபோய்க் காட்டுறன். அந்தச் சோதனைக் காசுக்கு ஒருத்தன் வண்டிக்கு அடியில் போய்ச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறான், வேறெங்கே கிடைக்கும் இது?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். செல்விப் பிள்ளை இவ்வளவு சொல்லும்போது எம்ஜிபி-க்கு வக்காலத்து வாங்கின நானும் உண்மை சொல்ல வேண்டும். எம்ஜிபி-க்கு சேஸே கிடையாது. பாடிதான் சேஸ். சில்லுக்குள்ளே மூன்று அடுக்கு: வெளித் தகடு, நடுத் தகடு, உள் தகடு, அடியில் கேஸில் ரெயில் என்கிற பட்டை. வெளியே ஒரு புதுத் தகட்டை மூடி ஒட்டிவிட்டு "சில் மாற்றியாச்சு" என்று விற்கிறது இங்கே குடிசைத் தொழில். சரியாகச் செய்ய முன் இறக்கையின் அடிப்பாகத்தை அறுத்தால்தான் முடியும், ஏனென்றால் சில் அதற்குப் பின்னால் உள்ளே ஓடுது. நானே முதல் வண்டியில் ஏமாந்தனான். என்ன சொன்னேன்? "எஞ்சின் சத்தம் அப்பாவின்ட கேம்பிரிட்ஜ் மாதிரி இருக்கு" என்று வாங்கினேன். எஞ்சின் 600 பவுண்டில் சரியானது. வெல்டிங்குக்கு 4,000.

எசன்_924 | 10 மார்ச், இரவு 8.40

நான் சொன்னேனே, துத்தநாகம்.

யாழ்_கேம்பிரிட்ஜ் | 10 மார்ச், இரவு 8.44

உங்கட துத்தநாகத்துக்குள்ளே தம்பி நுழைய முடியாதாமே.

கார்த்தி_ஹாரோ | 11 மார்ச், இரவு 11.30

முன்பணம் கொடுக்கவில்லை. விற்பவரிடம் கதவு இடைவெளியைப் பற்றிக் கேட்டேன், போனை வைத்துவிட்டார். டீ நன்றாக இருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

உண்மையிலேயே ஒரு கேள்வி. வெல்டிங் தெரியாத நான், வெல்டிங் முக்கியமான வண்டிகளில் ஒன்றைத்தான் வாங்கப் போகிறேன். இது புத்தியுள்ள செயலா?

ஸ்பேனர்_செல்வி | 12 மார்ச், காலை 6.50

உங்கள் கேள்விக்கு என் பதில்: வெல்டிங் முடிந்து, மற்ற எதுவும் முடியாத வண்டியைத் தேடுங்கள்.

இங்கே பாதியில் நின்ற வண்டிகள் ஏராளம். ஒருவர் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து சில், தரை எல்லாம் ஒட்டி முடிப்பார். பிறகு குழந்தை பிறக்கும், அல்லது முதுகு போகும், அல்லது விவாகரத்து. எஞ்சின் டப்பாக்களில் கிடக்கும், சீட்டு மாடியில் கிடக்கும். ஓடாத வண்டி என்பதால் விலை பாதிதான். ஆனால் உங்களால் செய்ய முடியாத வேலை முடிந்திருக்கும், செய்யக்கூடிய வேலை மிச்சமிருக்கும். ஸ்பேனர் வேலையை யாரும் கற்றுக்கொள்ளலாம். தலைக்கு மேலே நெருப்புப் பொறி விழ வெல்டிங் செய்வதைக் கற்க எனக்கு இரண்டு வருட மாலை வகுப்பு ஆனது, இன்னும் என் ஒட்டு கோழி எச்சம் மாதிரிதான் இருக்கிறது.

ஒரே நிபந்தனை: படம் இருக்க வேண்டும். வெட்டித் திறந்த நிலையில், உள் தகடு தெரிய, கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வைத்த படம். படம் இல்லாத வெல்டிங்கை நம்பாதீர்கள்.

பளபளக்கும் பெயிண்டைவிடக் கறுப்பு ப்ரைமர் நேர்மையானது.

பெருங்களத்தூர்_பெரியவர் | 12 மார்ச், மதியம் 12.30

நல்ல வார்த்தை. பெண் பார்க்கப் போகும்போது விளக்கு வெளிச்சத்தில் பார்க்காதே என்று சொல்வது காருக்கும்தான். (என் மருமகள் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.)

ரெண்டு_சீட்டு | 12 மார்ச், மதியம் 12.41

மழை நேரத்திலும் பார்க்காதே. நனைந்த பெயிண்டில் எல்லா வண்டியும் ஐஸ்வர்யா ராய்.

கார்த்தி_ஹாரோ | 6 ஏப்ரல், இரவு 9.55

இழையை மேலே தூக்குகிறேன், மன்னிக்கவும். வாங்கிவிட்டேன்.

எம்ஜிபி ஜிடி, 1973, குரோம் பம்பர். கென்டில், ஆஷ்ஃபோர்டுக்குப் பக்கத்தில். விலை 3,800. வண்டி ப்ரைமர் நிறத்தில், சக்கரம் உண்டு, கண்ணாடி உண்டு, எஞ்சின் பதினோரு அட்டைப் பெட்டிகளில்.

கேம்பிரிட்ஜ் அண்ணை கூட வந்தார். ஈஸ்ட் ஹாமிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகப் போனோம். வழி முழுக்க இடியப்பமும் பி சீரிஸ் எஞ்சினும். அங்கே போய் இறங்கியதும் அவர் விற்பவருக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேராகப் போய் முன் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுச் சில்லின் நுனியைத் தடவினார். பிறகு துணியில் சுற்றிய ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, சில் நெடுகிலும் ஒரு சாண் விட்டு ஒரு சாண் வைத்துக்கொண்டே போனார். எல்லா இடத்திலும் "டக்" என்று ஒட்டியது. பின் சக்கர வளைவுக்கு மேலே ஒரே ஒரு இடத்தில் வழுக்கி விழுந்தது. அங்கே மட்டும் பட்டி. கடைசியாக வண்டியை ஜாக்கியில் ஒரு பக்கம் தூக்கி, தொங்கிக்கொண்டிருந்த நிலையில் கதவைத் திறந்து மூடச் சொன்னார். பூட்டு எங்கும் உரசவில்லை. கதவு மூடிய சத்தத்தைக் கேட்ட பிறகுதான் திரும்பி அந்த ஆளுக்குக் கை கொடுத்தார்.

விற்பவர் ஓய்வுபெற்ற வெல்டர். கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவராம். 64 படங்கள் வைத்திருந்தார். கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி இருந்தது, செல்வி அக்கா :) கேஸில் ரெயில் இரண்டு பக்கமும் புதிது. கைநடுக்கம் வந்ததால் எஞ்சினைச் சேர்க்க முடியவில்லை என்றார். வண்டியை டிரெய்லரில் ஏற்றும்போது அவர் வீட்டுக்குள் போய்விட்டார், வெளியே வரவில்லை.

ஸ்பேனர் செட் ஏஎஃப் என்கிற அங்குல அளவில் வாங்க வேண்டும் என்று இன்றுதான் புரிந்தது. என்னிடம் இருக்கும் 13 மில்லிமீட்டர் அரை அங்குல நட்டில் உட்காருகிறது, ஆனால் சுற்றினால் வழுக்குகிறது.

ஸ்பேனர்_செல்வி | 6 ஏப்ரல், இரவு 10.10

வழுக்கும் ஸ்பேனரை இப்போதே கீழே வையுங்கள், நட்டின் முனை போய்விடும். பழைய பொருள் சந்தையில் ஏஎஃப் செட் கிலோ கணக்கில் கிடைக்கும், புதிது வேண்டாம்.

பெட்ரோல் குழாய் எல்லாம் மாற்றிவிடுங்கள். 2021-லிருந்து சாதாரண பெட்ரோல் இ10, அதில் உள்ள எத்தனால் பழைய ரப்பரை மெழுகாக்கிவிடும். பங்கில் எத்தனால் குறைந்த சூப்பர் இ5 போடுங்கள். சில்லுக்குள் மெழுகு அடிக்க மறக்காதீர்கள், அந்த வெல்டரின் வேலை வீணாகக் கூடாது.

ஸ்பிட்ஃபயர் வாங்கவில்லை என்று எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம்தான்.

எசன்_924 | 6 ஏப்ரல், இரவு 10.25

வாழ்த்துகள். எஞ்சின் ஏற்கெனவே வெளியே இருக்கிறதால் கிளட்சை இப்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள். இந்த விஷயத்தில் என் பேச்சைக் கேளுங்கள்.

கார்த்தி_ஹாரோ | 20 ஏப்ரல், மாலை 5.15

இன்று பெட்டிகளைப் பிரித்து எல்லாவற்றையும் கராஜ் தரையில் பழைய போர்வை மேல் வரிசையாக அடுக்கினோம். எண்ணுவது மகளின் பொறுப்பு. பிஸ்டன் 4, சரி. வால்வு 8, சரி. வால்வைத் தள்ளும் புஷ்ராடும் 8 இருக்க வேண்டும், இருப்பது 7. மூன்று முறை எண்ணினாள். பெட்டிக்கு அடியிலும் பார்த்துவிட்டோம். கேம்பிரிட்ஜ் அண்ணை, உங்களிடம் ஒன்று இருக்குமா?

யாழ்_கேம்பிரிட்ஜ் | 20 ஏப்ரல், மாலை 5.50

இருக்கு, ஆனால் அவசரப்படாதேங்கோ. 73 என்றால் 18வி வகை எஞ்சின். அதில் ஒரு கட்டத்துக்குப் பிறகு புஷ்ராடுக்கு அடியில் இருக்கிற டேப்பட் நீண்டு, புஷ்ராடு குட்டையானது. என்னிட்ட இருக்கிறது பழைய நீளமானது. முதலில் உங்கட ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி நீளம் பாருங்கோ.

கார்த்தி_ஹாரோ | 20 ஏப்ரல், மாலை 6.20

பார்த்தோம். ஆறு ஒரே நீளம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட உயரம். மகள் அதற்கு "அப்பா" என்று பெயர் வைத்துவிட்டாள்.

யாழ்_கேம்பிரிட்ஜ் | 20 ஏப்ரல், மாலை 6.32

அப்போ வாங்க வேண்டியது ஒன்றில்லை, இரண்டு. டேப்பட்டையும் பிள்ளையை ஒருக்கால் எண்ணச் சொல்லுங்கோ, நீளத்தையும் பார்க்கச் சொல்லுங்கோ. ஞாயிறு பத்து மணிக்கு வாறன்.